கரித்தணலில் பக்குவமாகும் வூயீ மலைத் தேயிலை

பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, ஊலோங் தேயிலை என்று கடைகளில் பல பெயர்கள் வழங்கினாலும் இவை எல்லாம் ஒரே இனச் செடியின் இலைகளே. பறித்த இலையை என்ன செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு பிறக்கிறது. பறித்தவுடன் சூடுகாட்டி இலையின் பச்சை நிறத்தைக் காப்பாற்றினால் அது பச்சைத் தேயிலை. நன்றாகக் கசக்கி, காற்றுப் பட்டு முழுவதும் செம்மை ஏற விட்டால் கறுப்புத் தேயிலை. நாம் பாலூற்றிக் குடிப்பது இதன் தூளைத்தான். இரண்டிற்கும் நடுவே பாதி பச்சை, பாதி செம்மை என்ற பதத்தில் நிறுத்தினால் ஊலோங். அதைக் கரித்தணலில் மீண்டும் மீண்டும் வறுத்துப் பக்குவம் செய்வது சீன நாட்டின் பழைய முறை. இதற்குப் பேர்பெற்ற இடம் ஃபூஜியன் மாநிலத்தின் வடமேற்கிலுள்ள வூயீ மலை. அங்கு ஆண்டிற்கு ஒரே ஒரு முக்கிய அறுவடைதான். அந்த அறுவடையின் விலை முழுவதும் ஓர் இரவு வேலையையும் சில வாரத் தணல் வேலையையும் பொறுத்திருக்கிறது.

பெயர் வந்த வழி

ஊலோங் என்றால் சீன மொழியில் 'கரிய டிராகன்' என்று பொருள். உலர்ந்து முறுக்கிய கரிய இலையைப் பார்த்தால் பெயர் பொருத்தம் என்றே தோன்றும். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பிய வணிகர்கள் சீனத் தேயிலையைப் பெருமளவில் வாங்கத் தொடங்கினர். வூயீ என்ற பெயர் ஃபூஜியன் கடற்கரை மக்களின் வாய்மொழியில் மருவி, 'போகி' என்று ஆங்கில வணிகத்தில் வழங்கிற்று. 1773-இல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலைப் பெட்டிகளில் பெரும்பகுதி இந்தப் போகித் தேயிலையே.

நமக்கும் ஃபூஜியனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அக்கடற்கரை மக்கள் இச்செடியை 'தே' என்றனர். அந்தச் சொல் ஐரோப்பியர் வழியாக உலகெங்கும் பரவியது. தமிழில் 'தேயிலை' என்ற சொல்லின் முற்பகுதி அதுவேதான். சீனாவின் பிற பகுதிகளில் வழங்கும் 'சா' என்ற சொல் தரைவழியே பரவி வடஇந்தியாவில் 'சாய்' ஆயிற்று.

பாறையில் விளையும் செடி

வூயீ மலையில் சிவந்த மணற்பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே குறுகலான பள்ளத்தாக்குகளும் ஓடைகளும் உள்ளன. நீலகிரியைப்போல் உயரமான இடமல்ல இது. ஆனால் ஆண்டிற்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை உண்டு. பாறை மறைப்பதால் நேர் வெயில் சில மணி நேரமே விழும். பாறையில் கசியும் நீரும் காலைப் பனிமூட்டமும் செடிக்கு ஈரம் தருகின்றன. பாறை சிதைந்து உண்டான சரளை கலந்த புளிப்பு மண்ணில் நீர் தேங்குவதில்லை. 8-ஆம் நூற்றாண்டில் லூ யூ எழுதிய 'தேயிலை நூல்' சிதைந்த பாறை மண்ணில் விளைவதை முதல் தரம் என்றும், சரளை மண்ணில் விளைவதை இரண்டாம் தரம் என்றும், மஞ்சள் மண்ணில் விளைவதைக் கடைத்தரம் என்றும் வகுத்திருக்கிறது.

இன்றும் விலை இந்த அடிப்படையிலேயே அமைகிறது. பாறைப் பள்ளத்தாக்குகளுக்குள்ளே விளைவது 'மெய்ப்பாறைத் தேயிலை'. சுற்றுவட்டாரத்தில் விளைவது 'அரைப்பாறைத் தேயிலை'. ஆற்றோர வண்டலில் விளைவது 'கரைத் தேயிலை'. ஒரே ரகச் செடியாக இருந்தாலும் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் விலை பல மடங்கு வேறுபடும். உள்ளே இடமோ மிகக் குறைவு. பாறை இடுக்கில் கல்லணை கட்டி, மண் நிரப்பி, சட்டி வைத்ததுபோல் நாலைந்து செடி வைத்த பாத்திகளும் அங்கு உண்டு.

மண்ணைப் பேணும் முறையும் அறியத்தக்கது. கோடையின் முடிவில் செடிகளுக்கு நடுவே ஆழமாகக் கொத்திவிடுகின்றனர். 'ஏழாம் மாதம் கொத்தினால் பொன், எட்டாம் மாதம் கொத்தினால் வெள்ளி' என்பது அவ்வட்டார வழக்கு. இது சீன மாதக் கணக்கு. மழையில் கரைந்த மண்ணுக்கு ஈடாக வேறிடத்துப் புதுமண்ணைச் சுமந்து வந்து செடியடியில் இடுவதும் பழைய வழக்கம்.

ரகங்கள்

வூயீயில் நூற்றுக்கணக்கான ரகங்கள் பெயரிடப்பட்டுள்ளன. இன்று அதிகமாகப் பயிராவன இரண்டு. 'ஷூய் ஷியான்' பெரிய இலை ரகம். சுவை கனமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். 'ரௌ குய்' பட்டை மணம் வீசுவது. வாயில் சற்றுக் காரம்போல் தைக்கும். எல்லாவற்றிலும் பெயர் பரவியது 'டா ஹோங் பாவ்'. இதற்குப் 'பெரிய செவ்வங்கி' என்று பொருள். நோய் தீர்ந்தவர் நன்றியாகத் தம் செந்நிற அங்கியைச் செடிக்குப் போர்த்தினார் என்று கதை சொல்வார்கள்.

இதன் தாய்ச்செடிகள் என்று ஒரு பாறை விளிம்பில் ஆறு புதர்கள் நிற்கின்றன. 2006 முதல் அவற்றில் இலை பறிப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. கடைசியாகப் பறித்த இலையில் 20 கிராம் 2007-இல் சீனத் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அவற்றின் பதியன்களிலிருந்து வளர்ந்த செடிகள் இன்று தோட்டங்களில் உள்ளன. ஆயினும் கடைகளில் டா ஹோங் பாவ் என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி, பல ரகங்களைக் கலந்து தயாரித்ததே. அதை மோசடி என்று சொல்வதற்கில்லை. கலப்பதும் அங்கே ஒரு கைவேலைதான். தாய்ச்செடி இலை என்று யாராவது விற்றால் மட்டும் நம்ப வேண்டாம்.

இலை பறிக்கும் பக்குவம்

நம் மலைத்தோட்டங்களில் இரண்டு இலையும் ஒரு குருத்தும் எடுப்பது வழக்கம். வூயீயில் அப்படி எடுப்பதில்லை. நுனிக்குருத்து முழுவதும் விரிந்து வளர்ச்சி நிற்கும்வரை காத்திருந்து, மூன்று நான்கு முற்றிய இலைகளைத் தண்டுடன் எடுக்கின்றனர். இளங்கொழுந்து அடுத்து வரும் குலுக்கலைத் தாங்காது; கசப்பும் மிகும். மணத்துக்கு வேண்டிய பொருள்கள் முற்றிய இலையில்தான் போதிய அளவு உண்டு.

பறிப்பு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாத நடு வரையில் நடக்கும். பனி காய்ந்த பிறகே செடியில் கை வைக்க வேண்டும். மழை நனைத்த இலை நல்ல ஊலோங் ஆகாது. ஆனால் மழைக்காகக் காத்திருந்தால் இலை முற்றிப்போகும். ஒவ்வொரு ரகத்துக்கும் சரியான பதம் சில நாள்களே. அந்த நாள்களில் விடாமழை பிடித்தால் ஆண்டு வருமானமே குறையும். ஆதலால் சற்று முந்தியும் பிந்தியும் பதமாகும் பல ரகங்களைப் பிரித்து நட்டு, இழப்பு ஒரே இடத்தில் விழாதபடி பார்த்துக்கொள்கின்றனர்.

ஓர் இரவு வேலை

பறித்த இலையை மூங்கில் தட்டுகளில் மெல்லப் பரப்பி இளவெயிலில் வாடவிடுகின்றனர். இலை துவண்டு, பளபளப்புக் குறைந்ததும் நிழலுக்குக் கொண்டுபோய் ஆறவைப்பர். மாலையில் குலுக்கல் தொடங்கும். தட்டில் இட்ட இலையைச் சுழற்றிக் குலுக்கும்போது இலைகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று உரசி நசுங்கும். பிறகு சற்று ஓய்வு. மீண்டும் குலுக்கல். இப்படி எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் இரவு முழுவதும் நடக்கிறது. இன்று பெரும்பாலோர் சுழலும் மூங்கில் உருளைகளைப் பயன்படுத்துகின்றனர். பதம் பார்ப்பது மட்டும் இன்றும் மனிதர் மூக்குதான்.

உரசிய ஓரத்தில் இலைச்சாறு காற்றுடன் கலந்து சிவக்கும். நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். ஓய்வு நேரத்தில் தண்டிலுள்ள நீர் இலைக்கு ஏறி, துவண்ட இலை மீண்டும் நிமிரும். இதனால் சிவப்பு ஒரேயடியாகப் பரவாமல் படிப்படியாக ஏறுகிறது. பச்சிலை நாற்றம் போய், பூ மணமும் பழ மணமும் எழும். மூன்று பங்கு சிவப்பு, ஏழு பங்கு பச்சை என்பதே அவர்கள் சொல்லும் கணக்கு. அவசரப்பட்டு அழுத்திக் குலுக்கினால் இலை முழுவதும் சிவந்து மணம் இழக்கும். போதாமல் விட்டால் பச்சை வாடையும் கசப்பும் தங்கும். பின்னால் எவ்வளவு வறுத்தாலும் இந்தக் குறை போகாது.

பதம் வந்ததும் 200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறிய இரும்புச் சட்டியில் இலையைப் போட்டுச் சில நிமிடம் கிளறுகின்றனர். இலையைச் சிவக்கச் செய்யும் நொதிகள் இச்சூட்டில் செயலற்றுப்போகும். சூடு ஆறுமுன் உருட்டி முறுக்குவர். பின்னர் முதல் சூட்டில் வேகமாக உலர்த்திக் காம்புகளையும் மஞ்சளித்த இலைகளையும் கையால் பொறுக்கி நீக்குவர். இத்துடன் கிடைப்பது கச்சாத் தேயிலை. இதுவரை எல்லாம் ஓட்டமும் பரபரப்பும். இனி வருவதோ பொறுமை வேலை.

தணல் தயாரித்தல்

வறுக்கும் அறையில் தரையோடு வட்டமான குழிகள் வரிசையாக உள்ளன. அவற்றில் கடின மரக்கரியை இடைவெளியின்றி நிரப்பி, இடித்து இறுக்கி, மேலே கூம்பாகக் குவித்து நெருப்பு வைக்கின்றனர். சுடரும் புகையும் முற்றும் அடங்கிக் கரி முழுவதும் கங்காகும்வரை காத்திருப்பர். பிறகு அதன்மேல் சலித்த சாம்பலைப் போர்த்துவர். கரிச்சாம்பலும் உமிச்சாம்பலும் இதற்கு உதவும். சாம்பலின் கனம் கூடினால் சூடு தணியும். சிறிது விலக்கினால் சூடு ஏறும். நம் வீடுகளில் குமுட்டியில் தணலை மூடி வைத்துப் பால் காய்ச்சிய முறையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

புகை இருக்கக்கூடாது என்பது முதல் விதி. அதே வூயீ மலையின் வேறு பகுதியில் பைன் மரப்புகை காட்டித் தயாரிக்கும் கறுப்புத் தேயிலையும் உண்டு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. வறுத்த ஊலோங்கில் புகை நாற்றம் வீசினால் அது குறையே.

வறுக்கும் முறை

குழிமேல் இடை சிறுத்த மூங்கில் கூடையை வைக்கின்றனர். அதன் இடுப்பில் ஒரு சல்லடைத் தட்டு இருக்கும். அதன்மேல் தேயிலையைப் பரப்புவர். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை கூடையைக் குழியிலிருந்து எடுத்து, அப்பால் வைத்துத்தான் இலையைப் புரட்ட வேண்டும். குழிமேலேயே புரட்டினால் தூள் தணலில் விழுந்து புகையும். அந்த நாற்றம் முழுக் கூடையையும் கெடுத்துவிடும். சூட்டின் அளவைக் கூடையின் பக்கத்தில் புறங்கையை வைத்தே தேர்ந்தவர் அறிந்துகொள்கின்றனர்.

ஒரு தடவை வறுப்பது பல மணி நேரம் நீடிக்கும். பிறகு தேயிலையைப் பல நாள்களோ சில வாரங்களோ ஓய்வாக வைத்து மீண்டும் வறுக்கின்றனர். இப்படி இரண்டு மூன்று முறை நடக்கும். மேற்புறம் காய்ந்தாலும் இலை நரம்பிலும் முறுக்கின் உள்ளேயும் ஈரம் எஞ்சியிருக்கும். ஓய்வு நாள்களில் அது வெளியே பரவும். அடுத்த வறுப்பில் அது நீங்கும். வேகமாக ஒரே முறையில் வறுத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

சூடு ஏறும்போது இலையிலுள்ள சர்க்கரைப் பொருள்களும் அமினோ அமிலங்களும் ஒன்றுகூடிப் புதிய மணங்களை உண்டாக்குகின்றன. காப்பிக்கொட்டை வறுபடும்போதும் ரொட்டி சிவக்கும்போதும் நிகழ்வது இதுவேதான். துவர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதி மாறிச் சுவை மென்மையாகிறது. ஈரம் குறைவதால் நீண்ட நாள் கெடாமலும் இருக்கும். கடல்வழியே பல மாதம் போகவேண்டிய சரக்குக்கு அந்நாளில் இது பெரிய அனுகூலம்.

இளவறுப்பு, நடுவறுப்பு, கடுவறுப்பு என மூன்று நிலைகள் உண்டு. இளவறுப்பில் பூ மணம் மிஞ்சும். நடுவறுப்பில் பழமும் பருப்பும் கலந்த மணம் வரும். கடுவறுப்பில் கருக்கிய சர்க்கரை மணமும் கனத்த சுவையும் இருக்கும். எந்த இலைக்கு எவ்வளவு சூடு என்பதைத் தீர்மானிப்பதே வறுப்பவரின் திறமை. மெல்லிய இலை கடுஞ்சூட்டைத் தாங்காது. மின்அடுப்பில் வறுப்பதும் இன்று பரவலாகிவிட்டது. செலவு குறைவு, சூடும் ஒரே சீர். ஆயினும் உயர்ந்த சரக்குக்குக் கரித்தணலையே இன்னும் நாடுகின்றனர். இத்தயாரிப்பு முறை 2006-இல் சீனாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2022-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட சீனத் தேயிலைக் கைமுறைகளில் இதுவும் அடங்கும்.

வறுத்த உடனே குடிப்பது சிறப்பல்ல. நெருப்பு வாசனை முன்னே நின்று மற்ற மணங்களை மறைத்துவிடும். வாய் வறளும். ஒன்று முதல் மூன்று மாதங்கள், கடுவறுப்பானால் இன்னும் கூடுதலாக, மூடி வைத்த பிறகே சுவை அமையும். மே மாதத்தில் பறித்த இலை பெரும்பாலும் இலையுதிர் காலத்துக்குப் பிறகே கடைக்கு வருவதன் காரணம் இதுதான்.

சாறு இறக்கும் முறை

இதற்குப் பாலும் சர்க்கரையும் வேண்டாம். கொதிக்கவும் விடக்கூடாது. சீனர் கையாளும் முறை வருமாறு:

1. மூடியுள்ள சிறு பீங்கான் கிண்ணம் ஒன்று வேண்டும். அது 100 முதல் 120 மில்லி கொள்ளளவு இருந்தால் போதும்.

2. வெந்நீர் ஊற்றிக் கிண்ணத்தையும் குவளைகளையும் முதலில் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

3. நீரைக் கொட்டிவிட்டு, சூடான கிண்ணத்தில் 7 அல்லது 8 கிராம் இலையை இட்டு மூடி, இரண்டு முறை அசைத்து முகர வேண்டும். வறுப்பின் தரம் இப்போதே தெரியும்.

4. தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி உடனே வடித்துவிட வேண்டும். இது இலையை நனைப்பதற்கு மட்டுமே.

5. மீண்டும் கொதிநீர் ஊற்றி 5 முதல் 10 வினாடிக்குள் முழுவதையும் வடிக்க வேண்டும். ஒரு சொட்டும் கிண்ணத்தில் தங்கக்கூடாது. தங்கினால் அடுத்த சாறு கசக்கும்.

6. அடுத்தடுத்த முறைகளில் 5 முதல் 10 வினாடி கூட்டிக்கொண்டே போகலாம். நல்ல இலை ஏழெட்டு முறை சாறு தரும்.

கிண்ணம் இல்லாதவர் கவலைப்பட வேண்டாம். ஒரு டம்ளரில் 3 கிராம் இலை இட்டு, 200 மில்லி கொதிநீர் ஊற்றி, மூடி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து வடிகட்டிக் குடிக்கலாம். அதே இலைக்கு இன்னும் ஒருமுறை நீர் ஊற்றலாம். உப்பு நீரும் கடின நீரும் மணத்தைக் கெடுக்கும். ஆதலால் நல்ல குடிநீரே வேண்டும்.

சிறு மடக்காக உறிஞ்சி, நாக்கில் பரவவிட்டு விழுங்க வேண்டும். முதலில் வறுத்த மணம், பின் பழ மணம், கடைசியில் கல்லில் பட்ட நீரை நினைவூட்டும் ஒரு சுவை என வரிசையாகத் தெரியும். இதை அவர்கள் 'பாறை நயம்' என்பர். நெல்லிக்காய் தின்று நீர் குடித்தாற்போல் தொண்டையில் ஓர் இனிப்பு பின்னால் எழும். காலியான குவளையையும் முகர்ந்து பார்க்க வேண்டும். நல்ல சரக்கானால் ஆறிய பிறகும் மணம் ஒட்டியிருக்கும்.

வெறும் வயிற்றில் குடிப்பது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஆதலால் இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நலம். தூக்கம் கெடுபவர்கள் மாலையில் தவிர்க்கலாம்.

தரம் அறிவது எப்படி?

உலர்ந்த இலை முறுக்கு நீண்டு, ஒரே சீராக, கருமையுடன் சிறிது பழுப்பு மினுமினுப்பும் கொண்டிருக்க வேண்டும். சாறு தெளிந்த பொன் நிறமாகவோ செம்பொன் நிறமாகவோ இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் தயாரிப்பில் குறை உண்டு. குடித்து முடித்த பின் இலையைத் தண்ணீரில் போட்டு விரித்துப் பார்ப்பதே மிக நல்ல சோதனை. நன்றாக வறுபட்ட இலை மெல்ல விரிந்து, ஓரச் சிவப்பு தெரியும். தொட்டால் மெத்தென்று இருக்கும். விரியாமல் கரித்துண்டுபோல் விறைத்து நின்றால் இலை கருகிவிட்டது என்று பொருள். மட்டமான இலையின் குறையை மறைக்கக் கடுமையாக வறுத்து விற்பவர்களும் உண்டு. அத்தகைய சரக்கு முதல் இரண்டு சாற்றில் கரி மணம் காட்டிவிட்டு மூன்றாவதில் வெந்நீராகிவிடும்.

காற்றுப் புகாத டப்பாவில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். கற்பூரம், சோப்பு, மசாலாப் பொருள்களுக்கு அருகில் வைக்கக்கூடாது. தேயிலை எந்த வாசனையையும் உடனே இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய தேயிலையை வூயீ மக்கள் மீண்டும் இளந்தணலில் காட்டிச் சரிசெய்கின்றனர்.

விலையும் மலையும்

பாறைத் தேயிலைக்கு விலை ஏற ஏற, மரங்களை வெட்டிச் சரிவுகளில் புதுத் தோட்டம் போடும் ஆசையும் அங்கே வளர்ந்தது. மரம் போன சரிவில் மழை மண்ணை அரித்துச் செல்லும். அத்துடன் நிழலும் கசிவு நீரும் குறையும். அவை குறைந்தால் எந்தச் சுவைக்காக விலை கிடைத்ததோ அந்தச் சுவையே போய்விடும். அனுமதியின்றி அமைத்த தோட்டங்களை அதிகாரிகள் பிடுங்கி எறிந்து மீண்டும் மரம் வைக்க நேர்ந்தது. 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான இம்மலை, 2021-இல் சீனாவின் முதல் ஐந்து தேசியப் பூங்காக்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. உள்ளே தோட்டம் பெருக்க இனி வழியில்லை. இருக்கும் செடியிலிருந்து தரத்தால் வருமானம் தேடுவதே அவ்விவசாயிகளுக்கு எஞ்சிய வழி.

நீலகிரியிலும் 19-ஆம் நூற்றாண்டில் சீன விதைகளிலிருந்து வளர்த்த தோட்டங்கள் உண்டு. அங்கும் சிறு அளவில் ஊலோங் தயாராகிறது. ஆனால் வூயீ மண்ணையும் மழையையும் இடம் பெயர்க்க முடியாது. பறிக்கும் பதம், இரவெல்லாம் இலையைக் கவனிக்கும் பொறுமை, அவசரமின்றிச் சூடு காட்டும் கை ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளலாம். வாங்கிக் குடிப்பவர் முதலில் 25 அல்லது 50 கிராம் நடுவறுப்புச் சரக்கை மட்டும் வாங்கி, மேலே சொன்ன முறையில் நாலைந்து நாள் குடித்துப் பார்த்து, விரிந்த இலையைச் சோதித்த பிறகு கூடுதலாக வாங்குவதே உத்தமம்.